பேச்சு வருமுன்னே இனம் பிரிக்கும் பாப்பா!

உத்தமபாளையத்தில் ஒரு வீடு. அதன் வாசலில் இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள்.

அம்மா நிற்கிறாள். இடுப்பில் ஒன்றேகால் வயதுக் குழந்தை. தெருவில் ஆடு ஒன்று போகிறது. குழந்தை கையை நீட்டி, "வவ்வவ்" என்கிறது. பின்னால் கன்றுக்குட்டி வருகிறது. அதற்கும் "வவ்வவ்"தான்!

திண்ணையில் இருந்த பாட்டி, "என்ன தாயி, ஆட்டுக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியலையே! பிள்ளை மக்கா இருக்குமோ?" என்கிறாள். அம்மாவின் முகம் வாடிவிடுகிறது.

கவலை வேண்டாம். அந்தக் குழந்தை மக்கு அல்ல. அது ஒரு பெரிய வேலையைச் செய்துகொண்டு இருக்கிறது. உலகத்தை இனம் பிரிக்கிறது!

ஏன் பிரிக்க வேண்டும்?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பறிப்பவர்கள், குலைகளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவார்கள். குழந்தையின் மனமும் அப்படித்தான். ஒன்றுபோல் இருப்பவற்றை ஒரே பெட்டியில் போடுகிறது.

இதனால் என்ன லாபம்? ஒரு விளக்கு கையைச் சுட்டால் போதும். எல்லா விளக்கும் சுடும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். இனம் பிரிக்கத் தெரியாவிட்டால், ஒவ்வொரு விளக்கிலும் சூடு பட்டுத்தான் அறிய வேண்டும்!

கண் சொன்ன பதில்

இந்த வேலை எப்போது தொடங்குகிறது? பேச்சு வந்த பிறகா? இல்லை. 3 மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் குவின், ஐமாஸ் என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய தோழர் ஒருவரும் இதை ஆராய்ந்தார்கள். 1993-ல் முடிவை வெளியிட்டார்கள்.

பேசத் தெரியாத குழந்தையிடம் எப்படிக் கேள்வி கேட்பது? அதன் கண்ணைக் கவனித்தார்கள்! பார்த்துச் சலித்ததைக் குழந்தை அதிக நேரம் பார்க்காது. புதியது வந்தால் உற்றுப் பார்க்கும்.

3, 4 மாதக் குழந்தைகளுக்குப் பலவிதப் பூனைப் படங்களைக் காட்டினார்கள். பிறகு, அதுவரை பார்க்காத ஒரு பூனையையும் ஒரு நாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டுமே புதிய படங்கள். ஆனாலும் குழந்தைகள் நாயைத்தான் அதிக நேரம் பார்த்தன. "இது வேறு இனம்" என்று கண் சொல்லிவிட்டது!

முதலில் நாய்ப் படங்களைக் காட்டிவிட்டுப் பிறகு பூனையைக் காட்டியபோது அந்த வியப்பு இல்லை. காரணம் என்ன? பூனைகள் ஏறக்குறைய ஒரே சாயல். நாய்களோ பலவிதம். நாய் என்ற பெரிய பெட்டிக்குள் பூனையும் அடங்கிவிட்டது!

பெயரின் சக்தி

2010-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இன்னோர் ஆராய்ச்சி நடந்தது. இதிலும் 3, 4 மாதக் குழந்தைகளே.

ஒரே இனப் பிராணிகளின் படங்களைக் காட்டும்போது, சில குழந்தைகளுக்கு மனிதக் குரலில் பெயர் சொன்னார்கள். மற்றக் குழந்தைகளுக்கு வெறும் ஊதல் போன்ற ஒலியைக் கேட்கச் செய்தார்கள். பெயரைக் கேட்ட குழந்தைகள் இனம் கண்டுகொண்டன. ஒலியைக் கேட்டவை கண்டுகொள்ளவில்லை!

அம்மா சொல்லும் பெயர், மனப்பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டு. "இதற்கு என்ன புரியும்?" என்று பேசாமல் இருப்பது தவறு. 6 மாதத்திலேயே சில உணவுப் பொருள்களின் பெயரும், கை, கால் போன்ற உறுப்புகளின் பெயரும் குழந்தைக்குப் புரியத் தொடங்குகின்றன என்று 2012-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத குழந்தை, ஒலி கேட்டும் அசையாத குழந்தை இருந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். காது கேட்டால்தானே பெயர் போய்ச் சேரும்?

தமிழ் பிரிக்கும் இனம்

தமிழ்க் குழந்தைக்கு இன்னொரு பாடமும் உண்டு. "அண்ணன் வந்தான்", "மாடு வந்தது" என்று பேச வேண்டும். உயர்திணை, அஃறிணை என்று உலகத்தையே இரண்டாகப் பிரிக்கிறது தொல்காப்பியம். ஆட்டின் பிள்ளை குட்டி, மாட்டின் பிள்ளை கன்று. இப்படி இளமைப் பெயர்களையும் தமிழ் வகுத்துச் சொல்கிறது. இலக்கணம் படிக்காத தாயும் இந்தப் பாடத்தை அன்றாடப் பேச்சிலேயே ஊட்டிவிடுகிறாள்!

சிரிக்காதீர்கள், சொல்லுங்கள்!

சரி, ஆட்டை ஏன் "வவ்வவ்" என்றது அந்தக் குழந்தை? அதனிடம் இருக்கும் சொற்கள் கொஞ்சம். பார்க்கும் பிராணிகளோ ஏராளம். நான்கு கால், வால், உடம்பில் ரோமம். இவ்வளவையும் கவனித்து, கையில் இருக்கும் சொற்களில் பொருத்தமானதை எடுத்துக் கொடுத்தது. காக்கையைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லையே!

அது தவறு அல்ல, கணக்கு. விடை கொஞ்சம் பிசகியது, அவ்வளவுதான்.

எனவே, சிரிக்க வேண்டாம். "மக்கு" என்று பெயர் சூட்டவும் வேண்டாம். "இது ஆடு கண்ணு. மே மே ஆடு. அதோ பார், அதுதான் நாய்" என்று சொன்னால் போதும். செலவு ஒரு காசு இல்லை.

குழந்தை பெட்டியைத் தயாராக வைத்துக் காத்திருக்கிறது. பெயர்ச் சீட்டை ஒட்ட வேண்டியவர்கள் பெரியவர்கள்தான்!