ஹீற்றர் பிறகு வரட்டும், பாதையை இன்றே போடுங்கள்

"இப்போதைக்குத் தேவையில்லாததை எல்லாம் வெட்டிவிடுங்கள்." எஸ்டிமேட்டைக் கையில் எடுத்ததும் நமது வியாபாரிகள் முதலில் சொல்லும் வார்த்தை இதுதான். கம்பளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் எனக்கு இது நன்கு பழகிய வார்த்தை. சிக்கனம் நல்லது. ஆனால் மண்ணுக்குள்ளும் கொங்கிறீற்றுக்குள்ளும் போக வேண்டிய சாமானில் செய்யும் சிக்கனம் சில வருடங்களில் பல மடங்காகத் திரும்பி வருகின்றது. இதை நான் என் சொந்தக் குடும்பத்திலேயே படித்தேன்.

2015 ஆம் ஆண்டு என் மச்சான் நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவை வாங்கி, ஆறு அறைகள் கொண்ட கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினார். பின்பக்கத்தில் 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட நீச்சல் தடாகம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர். அங்கு வருட சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். சூடாக்காத தண்ணீரில் பிள்ளைகள் பத்து நிமிடம் கூட நிற்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"ஹீற்றரைப் புறகு பாப்பம் மச்சான், இன்ஷா அல்லாஹ். இப்ப கை காலி" என்றார். சரியென்று பில்லில் இருந்த ஹீற்றர் குழாய்களையும் கொண்டியூட்டையும் வால்வுகளையும் என் பேனையாலேயே வெட்டினேன். சுமார் 40,000 ரூபாய் குறைந்தது. உறவுக்காரருக்கு உதவினேன் என்ற திருப்தி எனக்கு.

2017 இல் ஏப்ரல் சீசனுக்கு முன்னர் ஹீற்றர் வந்து இறங்கியது. பிறகுதான் பிரச்சினை. பம்ப் அறை நிலத்துக்குக் கீழே, காற்றோட்டம் இல்லாத இடத்தில். ஹீற்றரை 20 மீற்றர் தள்ளி, சமையலறைக்குப் பின்னால் வைக்க வேண்டியதாயிற்று. இடையில் டைல்ஸ் பதித்த முற்றமும், கல் மதிலும், கொங்கிறீற் பாதையும். மேசன் பாஸ் உடைக்கத் தொடங்கினார். உடைக்கும்போது கழிவுநீர்க் குழாயும் உடைந்தது. அதே நிற டைல்ஸ் எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் என்று தொடங்கிய வேலை ஐந்து வாரம் இழுத்தது. செலவு நாலரை இலட்சம். ஏப்ரலுக்கு முற்பணம் தந்த மூன்று குடும்பங்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மச்சான் சொன்னது இன்னும் காதில் இருக்கின்றது. "நான் ஹோட்டல் நடத்த வந்தவன். ஹாட்வெயார் தெரிஞ்ச ஆள் நீங்கதானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் பதில் பேசவில்லை. பல மாதங்கள் எங்களுக்கிடையில் பழைய பேச்சு இருக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்களுக்குச் சொல்கின்றேன்.

முதலில் கணக்கு

ஆயிரம் லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1.16 அலகு மின்சாரம் வேண்டும். மச்சானின் தடாகம் சராசரியாக 1.25 மீற்றர் ஆழம், அதாவது 40,000 லீற்றர். அதை 10 பாகை உயர்த்த சுமார் 465 அலகு. இது சாதாரணக் கொயில் ஹீற்றருக்கு. ஏசியை மறுபக்கம் திருப்பியதுபோல் காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் ஹீற் பம்ப் என்றால், ஓர் அலகு மின்சாரத்துக்கு நான்கு அலகு வெப்பம் கிடைக்கலாம், குளிர் கூடினால் இது குறையும். அப்படிப் பார்த்தால் 115 முதல் 120 அலகு. இது முதல் தடவை சூடாக்க மட்டுமே. இரவில் வெளியேறும் வெப்பத்தை ஈடுசெய்யத் தினமும் செலவுண்டு. பெரும்பகுதி ஆவியாகித்தான் போகின்றது. இரவில் தடாகத்தை மூடி வைத்தால் அந்தச் செலவில் பாதியளவாவது மிச்சமாகும். எனவே மூடியைச் சுருட்டி வைக்கவும் ஓர் இடம் விட்டு வையுங்கள்.

கொங்கிறீற்றுக்கு முன்னர் செய்ய வேண்டியவை

ஒன்று, இடம். ஹீற்றர் எங்கே நிற்கும் என்று இன்றே தீர்மானியுங்கள். ஹீற் பம்ப் திறந்த வெளியில், நாலாபக்கமும் காற்று வரும் இடத்தில் நிற்க வேண்டும். அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டும், அதற்கு ஒரு கான் தேவை. கேஸ் ஹீற்றர் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தடி அறையில் போய்த் தேங்கும். ஆகவே அதை ஒருபோதும் நிலத்தடிப் பம்ப் அறையில் வைக்கக் கூடாது.

இரண்டு, தண்ணீர்க் குழாய். தண்ணீர் முதலில் ஃபில்டர், பிறகு ஹீற்றர், அதற்குப் பிறகே குளோரின் கருவி என்ற வரிசையில் போக வேண்டும். வரிசை மாறினால் கடும் குளோரின் ஹீற்றரின் உட்பாகத்தை அரித்துவிடும். ஃபில்டருக்கும் குளோரின் கருவிக்கும் இடையில் இரண்டு ரீ வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வால்வும், இரண்டுக்கும் நடுவே பிரதான குழாயில் மூன்றாவது வால்வும் போடுங்கள். இரண்டு ரீயிலிருந்தும் 63 மில்லிமீற்றர் குழாய்கள் இரண்டை ஹீற்றர் நிற்கும் இடம்வரை கொண்டுபோய் மூடி போட்டு விடுங்கள். நாளை நடு வால்வை மூடி மற்ற இரண்டையும் திறந்தால் வேலை முடிந்தது. ஹீற்றர் பழுதானாலும் வால்வுகளை மாற்றித் தடாகத்தைத் தொடர்ந்து ஓட்டலாம். மண் போட முன்னர் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, பிறகு தண்ணீரை வெளியேற்றி விடுங்கள்.

மூன்று, மின்சாரம். வயரை இப்போது வாங்கத் தேவையில்லை. வெறும் கொண்டியூட்டைப் போட்டு உள்ளே நைலோன் கயிறு ஒன்றை விட்டு வையுங்கள். மெல்லிய கொண்டியூட் எடுக்காதீர்கள். உள்ளே போகும் வயர் இடத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அடைக்கக் கூடாது. எல்போவுக்குப் பதிலாக நீண்ட வளைவுள்ள பெண்ட் போட்டால்தான் வயர் இழுபடும். பம்ப்புக்கும் ஹீற்றருக்கும் இடையிலான கொன்ட்ரோல் வயருக்கு வேறொரு சிறிய கொண்டியூட் வேண்டும். இரு முனைகளையும் எலி, எறும்பு போகாமல் அடைத்து விடுங்கள்.

30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பில் மொத்தமாகக் கிடைப்பது ஏறத்தாழ 7 கிலோவாற். ஆறு அறைகளின் சுடுநீருக்கே அது போதாது. த்ரீ பேஸ் தேவையா என்பதை எலக்ட்ரீஷியனிடம் கட்டும்போதே கேளுங்கள். மின் பெட்டியில் இரண்டு இடம் காலியாக வைக்கச் சொல்லுங்கள். தடாகத்தின் கம்பிக் கூட்டை எர்த்துடன் இணைப்பதும் கொங்கிறீற்றுக்கு முன்னர் மட்டுமே செய்யக் கூடியது. இதுவும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் உயிர் சம்பந்தப்பட்டவை. தகுதியான ஆளைக் கொண்டே செய்யுங்கள்.

நான்கு, கேஸ். பீவீசீ குழாயில் கேஸ் கொண்டுபோகக் கூடாது. சிலிண்டர் வைக்க வெளியில் ஓர் இடமும், அங்கிருந்து மதில் ஓரமாகப் பிற்காலத்தில் உலோகக் குழாய் ஓட்ட ஒரு வெறும் பாதையும் விட்டு வைத்தால் போதும்.

ஐந்து, படம். மூடுவதற்கு முன்னர் அளவு நாடாவைக் குழாய் அருகே வைத்துப் படமெடுங்கள். இரண்டு சுவர் மூலைகளிலிருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் எழுதி, காணி உறுதியுடன் சேர்த்து வையுங்கள். ஃபோன் தொலையும், பாஸ் ஊர் மாறிப் போவார். உறுதி இருக்கும் இடத்தை நாம் மறப்பதில்லை.

பாதை இருந்தவர்

2018 இல் பண்டாரவளையில் கெஸ்ட் ஹவுஸ் கட்டிய ஒரு வாடிக்கையாளர், "கேஸ் ஹீற்றர்தான் போடுவேன் நானா" என்று உறுதியாக இருந்தார். நான் வற்புறுத்தியதால் கொண்டியூட்டையும் போட்டார். 2022 இல் நாடு முழுவதும் கேஸுக்கு வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அவர் பிறகு ஹீற் பம்ப் வாங்கினார். ஒரு டைல்ஸ் கூட உடையவில்லை, இரண்டு நாளில் வேலை முடிந்தது. நாளை கூரையில் சூரிய வெப்பத் தகடு வைத்தாலும் அதே இரண்டு குழாய்களிலிருந்து தொடரலாம். எந்த எரிபொருள் மலிவாக இருக்கும் என்று நம்மில் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பாதையை எதற்கும் பொருந்துவதாகப் போட வேண்டும்.

தடாகம் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். கடைக்கு சிலப் போட முன்னர் ஜெனரேட்டர் கேபிளுக்கும், ஏசியின் தண்ணீர்க் குழாய்க்கும், குளிர் அறைக்கும் பாதை விட்டீர்களா?

இப்போது என் கடையில் யார் எஸ்டிமேட் கேட்டாலும், "இன்னும் ஐந்து வருடத்தில் இந்த இடத்தில் என்ன சேர்ப்பீர்கள்?" என்று முதலில் கேட்கின்றேன். ஹாட்வெயார் தொழிலில் உள்ள சகோதரர்களும் இதைக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் வெட்டச் சொன்னால் வெட்டுங்கள். ஆனால் மண்ணுக்குள் போகும் சாமானை வெட்டும்போது, பிறகு என்ன செலவு வரும் என்பதையும் சொல்லிவிட்டு வெட்டுங்கள்.