துவர்ப்புக்கு எத்தனை மார்க்?

நாவல்பழம் தின்றுவிட்டுக் கண்ணாடி முன் நின்றிருக்கிறீர்களா? நாக்கு ஊதா நிறத்தில் இருக்கும். ஈறு இறுகிப்போய், எச்சில் வற்றினாற்போல ஒரு பிடிப்பு. ஷிராஸ் திராட்சையில் செய்த அழுத்தமான சிவப்பு ஒயினை வாயில் வைத்தவருக்கும் ஏறக்குறைய இதேதான். ஒயின்காரர்கள் இதற்கு ‘டேனின்’ என்கிறார்கள். நமக்கு அது அறுசுவையில் ஒன்று: துவர்ப்பு. அதற்கு மார்க் போடுவதில்தான் சிக்கல். இளம் ஒயினில் முள்ளாகக் குத்தும் துவர்ப்பு, பத்து இருபது வருடம் போனால் பட்டாக மாறிவிடும். எந்த வயதில் ருசி பார்த்துத் தீர்ப்பு எழுதுவது?

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நன்றாக அடிபட்டவர் மாக்ஸ் ஷூபர்ட். ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் ஒயினாலையில் 1931-ல் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, 1948-ல் தலைமை ஒயின் தயாரிப்பாளர் ஆனவர். ஷெர்ரி, போர்ட் ஒயின் வகைகளின் பக்குவத்தைப் படித்து வரச்சொல்லி நிர்வாகம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. மனிதர் பிரான்சின் போர்டோ பக்கமும் ஒரு நடை போனார். நாற்பது ஐம்பது வருடம் கிடந்தும் உயிரோடிருக்கும் சிவப்பு ஒயின்களை அங்கே ருசித்தார். ஊர் திரும்பியதும் 1951-ல் அடிலெய்டை ஒட்டிய மகில் கிராமத்தில் தன் சோதனையைத் தொடங்கினார். போர்டோவின் கேபர்னே திராட்சை தெற்கு ஆஸ்திரேலியாவில் அப்போது அதிகம் கிடைக்காது. அதனால் கையிலிருந்த ஷிராஸை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு ஓக்குக்குப் பதில் புது அமெரிக்க ஓக் பீப்பாய்கள். பிறந்தது கிரேஞ்ச்.

ஐந்தாறு வருடம் கழித்து, சிட்னியில் இயக்குநர்களையும் ஒயின் பெரியவர்களையும் உட்காரவைத்து ஊற்றிக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. காட்டுப் பழங்களோடு எறும்பை நசுக்கிப் போட்டாற்போல இருக்கிறதென்று கூடச் சொன்னார்கள். 1957-ல் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது: நிறுத்து.

ஷூபர்ட் நிறுத்தவில்லை. 1957, 58, 59 மூன்று அறுவடைகளிலும் திருட்டுத்தனமாகச் செய்து மகிலின் நிலவறையில் ஒளித்துவைத்தார். புதுப் பீப்பாய் வாங்கப் பணம் கேட்டால் குட்டு உடைந்துவிடும். பழைய பீப்பாயிலேயே ஒப்பேற்றினார். இதற்குள் பழைய புட்டிகளில் துவர்ப்பு அடங்கிவிட்டது. 1960-ல் அதே நிர்வாகம் அதே ஒயின்களை மறுபடி ருசித்து, மீண்டும் செய்யச் சொன்னது. 1955-ஆம் வருடத்துக் கிரேஞ்ச் 1962-ல் சிட்னி போட்டியில் தங்கம் வாங்கியது. அதன் பிறகு வாங்கிய தங்கங்கள் ஐம்பதைத் தாண்டும். சிட்னிப் பெரியவர்களின் நாக்கில் பழுதில்லை, கடிகாரத்தில்தான் பழுது.

நாக்குக்கு நேரம் மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்கவும் ஏதாவது வேண்டும். ஒரே ஒயினாலையின் சரக்கை வரிசையாக ருசிப்பதன் பயன் இங்கேதான் தெரியும். பத்து ஆலைகளின் ஒயினைப் பரப்பிவைத்தால் மண், வெயில், கைப்பக்குவம் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். பென்ஃபோல்ட்ஸின் கிரேஞ்சையும் செயின்ட் ஹென்றியையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் பெரும்பங்கு ஷிராஸ்தான். ஆனால் கிரேஞ்ச் புளித்து முடிவதே 300 லிட்டர் புது ஓக் பீப்பாயில். செயின்ட் ஹென்றியோ வாசம் போன, பெரிய, மிகப் பழைய மரத்தொட்டிகளில் முதிர்வது. வெள்ளைத் தாளுக்கு மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள், இரண்டும் கருஞ்சிவப்புத்தான். மூக்கைக் கொண்டுபோனால் ஒன்றில் வனிலா, தேங்காய்ப் பத்தை, வறுத்த காபிக்கொட்டை; மற்றதில் வெறும் பழமும் மிளகும். வாயில் உருட்டி, துப்பிவிட்டு (ஆமாம், ருசி பார்ப்பவர்கள் துப்பத்தான் வேண்டும், விழுங்கினால் ஐந்தாவது கோப்பையில் எல்லாமே அமிர்தம்) மனதுக்குள் பத்து எண்ணுங்கள். வாயில் நிற்பது பழமா, மரமா? இதைப் பிரித்தறிய ஒருவர் பழகிவிட்டால் அவருக்கு மார்க் பட்டியல் அவ்வளவாகத் தேவைப்படாது.

மார்க் போடும் முறைகளுக்குக் குறைவில்லை. ஆஸ்திரேலியப் போட்டிகள் நெடுங்காலம் 20-க்கு மதிப்பிட்டன, 18.5 எடுத்தால் தங்கம். அமெரிக்கரான ராபர்ட் பார்க்கர் 1978 முதல் 100-க்குப் போட்டார். அதிலும் 50 மார்க் பரீட்சை எழுத வந்ததற்கே கிடைத்துவிடும். கிரேஞ்சின் 1976 அவரிடம் நூற்றுக்கு நூறு வாங்கியது.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? ராபர்ட் ஹாட்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், தாமே சிறிய ஒயினாலை நடத்தியவர், கலிபோர்னியா மாநிலப் போட்டியில் 2005 முதல் நான்கு வருடம் நடுவர்களையே சோதித்தார். ஒரே புட்டி ஒயினை மூன்று கோப்பைகளில் ஊற்றி, மற்றவற்றுக்கு நடுவே கலந்து கொடுத்தார். மூன்றுக்கும் ஒரே பதக்கத்துக்குள் அடங்கும்படி மார்க் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். அவர்களும் அடுத்த வருடம் அதே நிதானத்தைக் காட்டவில்லை. 92-க்கும் 94-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

எனக்குப் பிடித்த மதிப்பீட்டு முறையும் பென்ஃபோல்ட்ஸிடமே இருக்கிறது. 1991 முதல் பல ஊர்களில் புட்டிகளுக்கென்று ‘கிளினிக்’ நடத்துகிறார்கள். 15 வருடம் தாண்டிய புட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். ஒயினில் தேய்மானம் தெரிந்தால் திறந்து, துளி ஊற்றி, ஒயின் தயாரிப்பாளர் ருசி பார்ப்பார். நன்றாக இருந்தால் குறைந்த அளவை நிரப்பி, புதுத் தக்கை போட்டு, கையெழுத்திட்ட சான்று ஒட்டித் தருவார்கள். கெட்டிருந்தால் சான்று கிடையாது. சாதாரணத் தக்கையோடு உங்கள் கைக்கே திரும்பி வரும். மார்க் எதுவும் போடுவதில்லை. பாஸ், இல்லையென்றால் ஃபெயில்.