அடியில் உறங்கும் அழுக்கு



மலைநாட்டில் வாழும் நமக்கு மழையும் சேறும் புதியன அல்ல. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் கினிகத்தேனை, வட்டவளை, அட்டன் பக்கங்களில் செம்மண் பாதைகள் குழம்பாகிவிடும். கொழுந்து ஏற்றும் லொறியும், நோயாளியைச் சுமந்து செல்லும் பழைய ஜீப்பும் அக்குழம்பிலேதான் ஓடுகின்றன. மாலையில் வண்டியின் மேற்புறத்தைக் கழுவுவோர் பலர். குனிந்து அடிப்புறத்தைப் பார்ப்போர் மிகச் சிலர்.

தோட்டங்களில் நெடுங்காலம் உழைத்த லாண்ட் றோவர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். அது 1948ஆம் ஆண்டில் அறிமுகமானது. போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், அதன் மேலுடல் அலுமினியக் கலவையால் ஆக்கப்பட்டது. அது செந்துரு ஏறாதது. ஆனால் வண்டியைத் தாங்கும் சட்டகமோ உருக்கு. ஆகவே, மேலே பளபளக்கும் வண்டி கீழே உளுத்துப்போயிருத்தல் கூடும்.

“எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துருப்பிடிக்காதே!” என்று சிலர் கேட்பர். தூய எண்ணெய்ப் படலம் இரும்பைக் காப்பது உண்மையே. ஆனால் சேறு எண்ணெயை உறிஞ்சித் தடித்த அடையாகிறது. அடையின் விளிம்பு விலகும்போது நீர் உள்ளே கசிந்து, வெளியேற வழியின்றித் தங்குகிறது. ஈரத்துணி சுற்றிய இரும்பின் கதியே சட்டகத்திற்கும் நேர்கிறது. பிரேக் எண்ணெய் செல்லும் உருக்குக் குழாய்களும் அவ்வடையின் கீழேதான் அரிக்கப்படுகின்றன. இயந்திர எண்ணெய் பட்ட இறப்பர்க் குழாய்கள் ஊதி மென்மையாகிவிடுகின்றன.

2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பாடசாலை மாணவர் சென்ற பேருந்தும், வானும், முச்சக்கர வண்டியும் மோதி ஏழு உயிர்கள் பலியானதை நாம் மறக்கவில்லை. அதன் காரணத்தை ஆராய்வது இப்பேச்சின் நோக்கமன்று. ஆயினும், அத்தகைய இறக்கங்களில் ஒரு பிரேக் குழாயின் பெறுமதி எத்தனை உயிர்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, துப்புரவு செய்யும் முறையைக் கூறுவேன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சில்லுகளுக்கு அடைகட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள். உறுதியான தாங்கிகளை வையுங்கள். இயந்திரம் நன்றாக ஆறட்டும். முதலில், எங்கே புதிய எண்ணெய் ஈரம் தெரிகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். கசிவு அங்கேயாகலாம்.

நீர் ஊற்றுமுன் மரத்துண்டால் அடையைச் சுரண்டுங்கள். கூரிய இரும்பு குழாய்களைக் காயப்படுத்தும். எஞ்சிய பிசுக்கைச் சிறிதளவு மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் தேய்க்கலாம். பெற்றோல் கூடாது, அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். மண்ணெண்ணெயும் தீக்கு அஞ்சவேண்டியதே. அது பிரேக் பாகங்களிலோ இறப்பரிலோ படலாகாது. பின்னர் சவர்க்கார வெந்நீரால் கழுவி, சட்டகத்தின் வடிதுளைகளில் அடைந்த சேற்றை நீக்கி, நன்கு உலரவிடுங்கள்.

உலர்ந்தபின் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். துருவேறிய குழாயோ, வெடிப்போ தெரியின் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குறையில்லாவிடில் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, மூட்டுகளுக்குப் புதிய கிறீஸ் இடுங்கள். சில நாள் ஓடியபின் மீண்டும் நோக்கினால் கசியும் இடம் தெளிவாகப் புலப்படும். இறக்கத்தில் இறங்குமுன் சமதளத்தில் பிரேக்கைச் சோதிப்பது கட்டாயம்.

இன்னுமொன்று. ஓடைக்கரையில் இவ்வேலையைச் செய்யாதீர்கள். மேலே நாம் கழுவிவிடும் எண்ணெய், கீழேயுள்ள லயத்தில் ஒரு தாய் நிரப்பும் குடத்தில் சேரும். கொத்மலை ஓயா மகாவலியில் கலக்கிறது. கெசல்கமு ஓயா காசல்றீ நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. ஆகவே சுரண்டிய அடையை மரத்தூளில் சேர்த்துத் தகரத்தில் அடைத்து, கழிவெண்ணெய் ஏற்கும் கராஜில் ஒப்படையுங்கள்.

நேயர்களே, காலையில் பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டிகளைப் பாடசாலை வாசலில் நின்று நாள்தோறும் பார்ப்பவன் நான். அவ்வண்டிகளின் அடிப்புறத்தை மாதம் ஒருமுறையேனும் குனிந்து நோக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.