வழிநடையும் ஒரு வகுப்பறையே

இயேசுவின் பிள்ளைப் பருவத்தைப் பற்றி நற்செய்தியாளர் லூக்கா எழுதியவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று ஒரு குடும்பப் பயணம். பாஸ்காப் பெருவிழாவுக்காக எருசலேம் செல்வது யோசேப்பு, மரியா ஆகியோரின் வழக்கம் என்றும், இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதானபோதும் அவ்வழக்கப்படியே சென்றனர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். திரும்பும் வழியில் பிள்ளை காணாமற்போனதையும், மூன்று நாட்களின் பின் கோவிலில் கண்டுகொண்டதையும் நாம் நன்கு அறிவோம். ஆனால் அதற்கு முன்னே நிற்கும் ஒரு சிறு செய்தியைக் கவனியாது கடந்துவிடுகின்றோம். அக்குடும்பம் ஒருமுறை மட்டும் சென்றதன்று, ஆண்டுதோறும் சென்றது.

நாசரேத்திலிருந்து எருசலேம் ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தொலைவு. கால்நடையாகச் சென்றுசேரச் சில நாட்களாகும். ஒரு தச்சரின் குடும்பம் தொழிலையும் அன்றாட வருமானத்தையும் ஒதுக்கிவைத்து, உறவினரோடும் ஊரவரோடும் அத்தனை தூரம் நடந்தது. திருப்பாடல் நூலின் 120 முதல் 134 வரையுள்ள பதினைந்து பாடல்களும் எருசலேமுக்குச் செல்லும் திருப்பயணிகள் பாடியவை என்பது மரபு. அக்காலத்துப் பிள்ளைகள் இவற்றை ஏட்டில் வாசித்துப் பரீட்சைக்காக மனனம் செய்யவில்லை. தமக்கு முன்னே நடந்த பெரியவர்களின் வாயிலிருந்து கேட்டே கற்றுக்கொண்டார்கள்.

இஸ்ரயேல் மக்கள் விசுவாசத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கையளித்த முறை இதுவே. பாஸ்கா வழிபாட்டின் பொருளைப் பிள்ளைகள் வினவுவார்கள் என்பதை விடுதலைப்பயண நூல் முன்கூட்டியே எதிர்பார்க்கின்றது. யோர்தான் ஆற்றைக் கடந்த வேளையில், அதன் நடுவிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா கில்காலில் நாட்டியதும் அதே நோக்கத்தோடுதான். என்றோ ஒருநாள் அவ்வழியே வரும் பிள்ளை அக்கற்களைக் கண்டு கேள்வி கேட்கும். அப்போது தந்தை நடந்த வரலாற்றை எடுத்துரைக்க வேண்டும். இங்குள்ள ஒழுங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. முதலில் வருவது பிள்ளையின் கேள்வி. பெற்றோரின் விடை அதன் பின்னரே வருகின்றது. நாமோ பல வேளைகளில், பிள்ளை கேட்காத கேள்விகளுக்கு விடைகளை மனனம் செய்விக்கின்றோம். அதனால் அவ்விடைகள் முதல் நன்மையோடும் உறுதிபூசுதலோடும் மறந்துபோகின்றன.

ஞாயிறு யாருக்குரியது?

எமது பிள்ளைகளின் ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். பாடசாலை முடிந்தால் ரியூசன், சனிக்கிழமையிலும் ரியூசன், ஞாயிறு திருப்பலி முடியுமுன்பே அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டிய அவசரம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினாலோ பத்து வயதுப் பிள்ளைக்கு விளையாடவும் நேரமில்லை. இதற்காகப் பெற்றோரைக் குறைகூறுவது எளிது. ஆயினும் வீட்டையும் காணியையும் தொழிலையும் யுத்தத்தில் இழந்த ஒரு சமூகம், எவராலும் பறிக்கமுடியாத சொத்து கல்வி ஒன்றே என்று நம்புவதில் வியப்பில்லை. அவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த அச்சமே வீட்டின் முழு ஒழுங்கையும் தீர்மானிக்கத் தொடங்கும்போது, பிள்ளைக்குப் பெற்றோர் மட்டுமே கற்பிக்கக்கூடியவற்றைக் கற்பிக்க ஆளில்லாமற் போகின்றது.

எமது நாட்டில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமாகும். சில மேலை நாடுகளிற்போலப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் வழக்கம் எம்மிடையே வேரூன்றவில்லை. எனினும் 2020 மார்ச்சில் கொவிட்-19 தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் வகுப்புகள் தடைப்பட்டபோதும், விரும்பியோ விரும்பாமலோ வீடுகள் பள்ளிகளாயின. அன்று நெருக்கடியால் நேர்ந்ததை, திருச்சபை நெடுங்காலமாகவே பெற்றோரின் கடமையாகப் போதித்து வந்துள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை எனக் கண்டது. 1965 இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளின் முதலாவதும் முதன்மையானதுமான ஆசிரியர்கள் பெற்றோரே என எடுத்துரைத்தது. அந்த இல்லப் பள்ளிக்குக் கரும்பலகை வேண்டியதில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாலே போதும்.

மடுவுக்குப் போகும் வழியில்

ஆடியிலும் ஆவணியிலும் எமது குடும்பங்கள் மேற்கொள்ளும் மடுத் திருப்பயணத்தையே எடுத்துக்கொள்வோம். வண்டி காட்டுப் பாதையில் திரும்பியதும் சிறுபிள்ளை கேட்கும் முதற் கேள்வி, "மாதா ஏன் காட்டுக்குள்ள இருக்கிறா?" என்பதாக இருக்கலாம். பிள்ளையின் வாயிலிருந்து வந்த அந்தக் கேள்வியே பாடத்தின் தொடக்கம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 ஆம் ஆண்டளவில், மாந்தையில் இருந்த அன்னையின் திருச்சுரூபத்தைக் காக்க விரும்பிய சில குடும்பங்கள் அதனைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுள் புகுந்தன. அவர்கள் அடைக்கலம் புகுந்த இடமே மருதமடு. மாதா காட்டைத் தேடிச் செல்லவில்லை. ஓடிய மக்களோடு தாமும் ஓடினார். இதனை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு, 1924 ஜூலை 2 இல் அச்சுரூபத்துக்கு முடிசூட்டப்பட்டதன் பெருமையும் விளங்கும். அகதியாக வந்த அன்னைக்கே அம்முடி சூட்டப்பட்டது.

சற்று வளர்ந்த பிள்ளை இன்னொரு கேள்வியைக் கேட்கக்கூடும். "அம்மா, நீங்களும் சின்னனில இங்க இருந்தீங்களா?" பெற்றோரில் பலர் இக்கேள்விக்கு அஞ்சுகின்றனர். தொண்ணூறுகளில் ஆயிரக்கணக்கானோர் மடு வளாகத்தில் அகதிகளாக வாழ்ந்தனர். 1999 நவம்பரில் அவ்வளாகத்தில் விழுந்த எறிகணைகளால் ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அன்னையின் சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் மடுவை அடைந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் நடந்தது எம் கண்முன்னே மறுபடி நடந்தது.

இதனைப் பிள்ளைகளிடம் சொல்வதா, மறைப்பதா? மறைத்தால் அவர்கள் அதனை வேறெங்கோ, வேறு எவர் வாயிலிருந்தோ, கோபம் கலந்த சொற்களில் அறிந்துகொள்வார்கள். ஆகவே வயதுக்கேற்ற அளவில் பெற்றோரே சொல்வது நன்று. சிறு பிள்ளைக்கு, "இந்த மரத்தடியில் எங்கள் கொட்டில் இருந்தது, மாதா எங்களைப் பார்த்துக்கொண்டா" என்பது போதுமானது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நடந்ததை நடந்தபடி சொல்லலாம். சொல்லி முடித்ததும் அவ்விடத்திலேயே நின்று, மரித்த அனைவருக்காகவும் ஒரு பத்து மணி செபமாலை சொல்லுங்கள். அருகே சிங்கள மொழியில் அதே அன்னையை மன்றாடும் குடும்பத்தையும் பிள்ளை காணட்டும். நினைவைக் காப்பதும் பகையை வளர்ப்பதும் ஒன்றல்ல என்பதைப் பாடப்புத்தகம் கற்பிப்பது கடினம். அன்னையின் முன்றிலில் தாயோடு முழந்தாளிடும் பிள்ளை அதனை உணர்ந்துகொள்ளும்.

நேரமிருப்பவர்கள் மன்னார்ப் பக்கமும் செல்லலாம். போர்த்துக்கேயர் 1560 இல் கட்டிய கோட்டை அங்கே கடலோரம் நிற்கின்றது. 1544 இல் விசுவாசத்துக்காக உயிர்நீத்த அறுநூறு பேர் வரையிலான மன்னார் வேதசாட்சிகளின் நினைவு தோட்டவெளியில் போற்றப்படுகின்றது. பருவமழைக் காலத்தை அண்டிச் சென்றால், 2010 இல் ரம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள வங்காலைச் சரணாலயத்தில் தொலைதேசத்துப் பறவைகளையும் பூநாரைக் கூட்டங்களையும் காணலாம். வானத்துப் பறவைகளை உற்றுநோக்குமாறு இயேசு தம் சீடருக்குக் கூறியது வெறும் உவமை அழகுக்காக அன்று. அது உண்மையிலேயே செய்துபார்க்க வேண்டிய ஒரு பயிற்சி. கைத்தொலைபேசியை வண்டியில் வைத்துவிட்டு அரைமணி நேரம் பறவைகளைப் பார்த்து நின்ற பிள்ளைக்கு அந்நற்செய்திப் பகுதிக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

வசதியற்றவர் என்ன செய்வது?

"வான் பிடிக்கக் காசில்லை" என்று சொல்லும் குடும்பங்கள் எம் பங்குகளில் அநேகம். அவர்களின் சொல் உண்மையானது. அத்தோடு இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தாடையும், வழிநெடுக அலறும் பாட்டும், பொதிபொதியாய்ச் சாப்பாடுமாய், திருப்பயணமே பலருக்கு வெறும் உல்லாசப் பயணமாக மாறிவிட்டது. எளிய குடும்பங்கள் அதனோடு போட்டியிடத் தேவையில்லை. 1687 இல் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் மக்களிடையே மறைந்து பணிபுரிந்து, பின்னர் இத்தீவெங்கும் நடந்து திரிந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார் ஏழையாகவே நடந்தார். 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் வந்தார்.

தூரம் செல்ல இயலாதவருக்குச் சொந்த ஊரே போதும். வடபகுதிக் குடும்பங்களுக்கு ஒரு பனைமரமே ஓராண்டுக்கான பாடத்தைத் தரும். தவக்காலத்து இறுதியில் குருத்தோலை ஞாயிறன்று ஓலையை ஏந்துகின்றோம். அந்த ஓலையே உலர்ந்து, எரிந்து, மறு ஆண்டு திருநீற்றுப் புதனன்று எம் நெற்றிக்கு வருகின்றது. வீட்டுச் சுவரிலே செருகிவைத்த ஓலையைப் பிள்ளை தன் கையால் எடுத்துச் சென்று கோவிலில் ஒப்படைக்கட்டும். அப்போது சாம்பல் எங்கிருந்து வந்தது என்பதை எவரும் அதற்குச் சொல்லத் தேவையில்லை.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். பழத்தைச் சுட்டுத் தின்றபின் கொட்டைகளைச் சேர்த்து, வளவின் மூலையில் மணலைக் குவித்துச் சிறிய பாத்தி ஒன்று போடலாம். மாரி மழை அதனை நனைக்கும். வாரங்கள் செல்லும், மேலே ஒன்றும் தெரியாது. பொறுமையிழந்த பிள்ளை கிளறிப் பார்க்க விரும்பும். அவ்வேளையில் சொல்லுங்கள்: பனை முதலில் கீழ்நோக்கியே வளரும், குருத்து மேலே வருவது அதன் பிறகுதான். திருவருகைக் காலம் முழுவதும் அப்பாத்தி அமைதியாகக் கிடக்கும். வீட்டில் பாலன் குடில் கட்டி, நத்தார் கொண்டாடி, தை மாதம் பிறந்தபின் குடும்பமாகப் பாத்தியைக் கிண்டிக் கிழங்கை எடுத்து அவித்துப் பகிருங்கள். காத்திருத்தல் என்ற சொல்லின் பொருளை அந்தப் பிள்ளை தன் நாவிலே சுவைத்திருக்கும்.

கார்த்திகை மாதத்தில் சேமக்காலைக்குச் செல்வதும் இப்பாடங்களுள் ஒன்று. நவம்பர் 2 அன்று மெழுகுதிரி கொளுத்திவிட்டு உடனே திரும்பிவிடாமல், பாட்டன் பாட்டியின் கல்லறையருகே சற்று அமர்ந்து, அவர்கள் எவ்வூரிலிருந்து வந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எந்தப் பாடலை விரும்பிப் பாடினார்கள் என்பவற்றைச் சொல்லுங்கள். இடம்பெயர்ந்து கல்லறை கூட இல்லாது போனவர்களின் பெயர்களையும் அங்கே உச்சரியுங்கள். அப்பெயர்களை நாம் சொல்லாவிட்டால் அடுத்த தலைமுறையில் அவற்றைச் சொல்ல எவருமிரார்.

இத்தகைய பயணங்களுக்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. புறப்படுமுன் அவ்விடத்துக்குரிய ஒரு விவிலியப் பகுதியை வாசியுங்கள். வழியில் விளக்கவுரை நிகழ்த்தாது, பிள்ளை கேட்கும்வரை பொறுத்திருங்கள். வீடு திரும்பியபின் இரவுச் செபத்தில், அன்று கண்ட ஒன்றுக்காக ஒவ்வொருவரும் நன்றி கூறட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுப் பிற்பகலையேனும் இதற்கென்று ஒதுக்குங்கள். அந்தப் பிற்பகலில் தவறும் ஒரு வகுப்பைப் பின்னர் ஈடுசெய்யலாம். பிள்ளைப் பருவத்தை ஈடுசெய்ய வழியில்லை.

பிள்ளை கேட்கும் எல்லாவற்றுக்கும் எம்மிடம் விடை இராது. அதற்காகக் கலங்க வேண்டாம். எருசலேம் கோவிலில் மரியாளும் யோசேப்பும் தம் மகன் கூறியதை அன்று விளங்கிக்கொள்ளவில்லை என்று லூக்காவே எழுதியுள்ளார். அன்னை அதனைத் தம் உள்ளத்திலே வைத்துக்கொண்டார். பின்னர் மூவரும் சேர்ந்து நாசரேத்துக்குத் திரும்பி நடந்தார்கள். விளங்காத கேள்வியோடும் பிள்ளையை விட்டு விலகாது சேர்ந்து நடப்பதற்கான பொறுமையை, அத்திருக்குடும்பம் எம் குடும்பங்களுக்கும் பெற்றுத் தருவதாக.