நுரையீரல் தழும்பு புற்றுநோயாக மாறுமா? மருத்துவ விளக்கம்

திருப்பதி: நுரையீரலில் தழும்பு ஏற்படும் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்குப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். கிரானைட் குவாரிகள் உள்ள ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத் தொழிலாளர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

கல் உடைக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கி, சிலிகோசிஸ் என்னும் தழும்பு நோயை உண்டாக்குகிறது. சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ஆம் ஆண்டு இத்தூசைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது.

தொடர்பு என்ன?

காயம் ஏற்பட்டால், 'டிஜிஎஃப்-பீட்டா' என்னும் புரதம் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டி, கொலாஜனைச் சுரக்கச் செய்கிறது. காயம் தொடர்ந்தால் கொலாஜன் படிந்து நுரையீரல் இறுகுகிறது. மீண்டும் மீண்டும் பிரியும் செல்களில் மரபணுப் பிழைகள் சேர்ந்து, புற்றுநோய் உருவாகலாம். அதன்பின், அதே புரதம் புற்றுநோய் செல்கள் பரவவும் துணைபோகிறது.

இரு நோய்களுக்கும் பொதுவான வளர்ச்சிச் சமிக்ஞைகளைத் தடுக்கும் நின்டெடானிப் மருந்து, தழும்பு நோய்க்கும், ஐரோப்பாவில் ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்கும் பயன்படுகிறது.

சிகிச்சையில் சிக்கல்

தழும்புள்ள நுரையீரலில் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் மூச்சுத்திணறலைத் திடீரெனத் தீவிரமாக்கக்கூடும். எனவே, தொடர் வறட்டு இருமல், மூச்சிரைப்பு இருந்தால், காசநோய் என்று மட்டும் கருதிவிடாமல், மருத்துவர் ஆலோசனைப்படி சிடி ஸ்கேன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இப்பகுதி மக்களுக்குத் திருப்பதியில் 'ஸ்விம்ஸ்' மருத்துவமனையும், 2022-இல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன.