தீவில் கூடாரம் போடுமுன்

ஜனவரி பிறந்து மழை ஓய்ந்ததும், "நாலு நாள் லீவு இருக்கிறதே, ஏதாவது ஒரு தீவில் கூடாரம் போட்டுத் தங்கினால் என்ன?" என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பது வழக்கம். தாராளமாகப் போகலாம். ஆனால் கடல் அடங்கியிருக்கும் இதே மாதங்களில்தான் கடலாமைகளும் முட்டையிடக் கரையேறுகின்றன. நம்முடைய ஏற்பாடுகளை இதை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும்.

முதலில் அனுமதி. அந்தமான் நிகோபாரில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836 என்பது அரசுக் கணக்கு. ஆட்கள் குடியிருப்பவை 31தான். ஆளில்லாத தீவு என்றால் கேட்பாரில்லாத தீவு என்று பொருளல்ல. இரவு தங்க வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பழங்குடியினர் காப்பகப் பகுதிகளுக்குள் நுழைவது 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டிங்கிக்காரர் "ஒண்ணும் ஆகாது சார்" என்றாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது லாங் ஐலண்ட். ஊரும் உண்டு, காட்டு வழியே நடந்தால் லாலாஜி பே கடற்கரையும் உண்டு. அங்கே தங்கவும் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

கூடாரத்தை எங்கே போடுவது? எல்லோருக்கும் ஆசை, அலைக்குச் சற்று மேலே காய்ந்த வெள்ளை மணலில். ஆமை குழி தோண்டுவதும் அங்கேதான். அமாவாசை, பௌர்ணமியில் நீர் அதுவரை ஏறுவதும் உண்டு. ஆகவே மணலைத் தாண்டி, மரங்களுக்கு உட்புறம் ஏற்கெனவே வெறுமையாகக் கிடக்கும் தரையைத் தேடுங்கள். தென்னைக்கு அடியில் வேண்டாம். காரணம் நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிச்சம் இன்னும் முக்கியம். முட்டைகள் சுமார் 50, 60 நாளில் பொரிகின்றன. இரவில் வெளிவரும் குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் பக்கத்தைக் கடல் என்று நம்பிப் போகும். நம் பெட்ரோமாக்ஸோ எல்.ஈ.டி. விளக்கோ எரிந்தால் அது காட்டுப் பக்கம் திரும்பி, விடிந்ததும் வெயிலில் காய்ந்து சாகும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள். அதையும் கடற்கரைப் பக்கம் அடிக்க வேண்டாம். ஆமையைக் கண்டால் அசையாமல் உட்காருங்கள். போட்டோ எடுக்க ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்குப் போடுவேன். நான்கு பேருக்கு இரண்டு நாளைக்கு 32 லிட்டர். கடல் கொந்தளித்துப் படகு வராமல் போனால் என்று இன்னும் 16.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, அவல், கடலை மிட்டாய் போதும். பிளாஸ்டிக் உறைகளை வீட்டிலேயே பிரித்துப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் அடையுங்கள். மிச்சச் சோற்றைப் புதைக்காதீர்கள். வாசனைக்கு வரும் நாய் அடுத்து ஆமை முட்டையைத் தோண்டும். வாழைப்பழத் தோல் உள்பட எல்லாம் பையில் திரும்பி வரட்டும். தேநீருக்குச் சிறு ஸ்டவ் இருந்தால் விறகே வேண்டாம். கழிப்பிடம் ஓடைக்கும் கரைக்கும் 70 தப்படி தள்ளி, அரை அடிக் குழி, மேலே மண்.

குழந்தைகள் சிப்பி பொறுக்குவார்கள். பார்த்துவிட்டு அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். காலிச் சங்குதான் துறவி நண்டுக்கு வீடு. பவளம் செத்துக் கிடந்தாலும் எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊருக்குப் போகும்போது விமான நிலையச் சோதனையில் அகப்பட்டுக்கொண்டு விழிக்க நேரும்.

ஓடை கடலில் கலக்கும் இடங்களில், முக்கியமாக அந்தி நேரத்தில், இறங்க வேண்டாம். உப்புநீர் முதலை அங்கே நடமாடும். 2010இல் ஹாவ்லாக்கில் (இப்போது ஸ்வராஜ் தீவு) நீந்திக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. மணல் ஈக்கு முழுக்கைச் சட்டையும் தேங்காய் எண்ணெயும், கொசுவுக்கு வலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் கைபேசி எடுக்காது. அதனால் திரும்பும் நாளையும் நேரத்தையும் டிங்கிக்காரரிடமும், ஊரில் ஒரு வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.