அஞ்சு கிராம் பாடம்!

ஒரு சின்னக் கணக்கு ஃப்ரெண்ட்ஸ்... ஒரு டி-ஷர்ட் தைக்க எத்தனை கிராம் துணி வேணும்?

'அதெல்லாம் டெய்லர் பார்த்துக்குவார்' என்கிறீர்களா? திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிற புதுப் பட்டதாரிக்குச் சீக்கிரமே இந்தக் கேள்வி வந்துவிடும். 190 கிராம் என்று போடவேண்டிய இடத்தில் 185 என்று போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சும்மா அஞ்சு கிராம்தானே? பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் அது 50 கிலோ! கட்டிங் டேபிளில் ஆள் நிற்பார், துணி இருக்காது. அந்த 50 கிலோவுக்காக மறுபடி நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, அதே கலரில் சாயம் போட்டு வருவதற்குள் ஷிப்மெண்ட் தேதி போயே போச்சு. அப்புறம் விமானத்தில்தான் அனுப்பணும். லாபம் மொத்தமும் வானத்தில் பறந்துவிடும்!

இந்தக் கணக்குக்கான ஃபார்முலா புத்தகத்தில் இருக்கிறது. ஆனால், தப்பானால் எங்கே வலிக்கும் என்பது ஃப்ளோரில் நின்றால்தான் தெரியும். இன்டர்ன்ஷிப் என்பது அதற்குத்தான்.

நூறு வருஷ ஐடியா!

படிப்பையும் தொழிற்சாலையையும் மாற்றி மாற்றி ஓட்டுவது புது ஃபேஷன் இல்லை. 1906-லேயே அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் இதை ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நாள் கிளாஸ், கொஞ்ச நாள் பட்டறை. நம்ம கோவை பி.எஸ்.ஜி. டெக்கில் 'சாண்ட்விச்' என்ற பெயரிலேயே பி.இ. படிப்பு உண்டு.

திருப்பூரின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1990-ல் உருவான திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், 'படித்த பசங்க வேணும், ஆனா எங்க தொழில் தெரிஞ்ச பசங்க வேணும்' என்று யோசித்தது. விளைவு, நிஃப்ட் நிறுவனத்தோடு கைகோத்து 1997-ல் ஆரம்பித்த நிஃப்ட்-டீ நிட்வேர் கல்லூரி. முதலாளிகளே சேர்ந்து காலேஜ் கட்டிய ஊர் இது! 2024-25 நிதியாண்டில் மட்டும் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடைகள் இங்கிருந்து வெளிநாடு போயிருக்கின்றன.

ஃப்ளோருக்குள் ஒரு ரவுண்டு

முதல் வாரம் தலை சுற்றும். நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், டையிங் இன்னொரு இடம், அப்புறம் காம்பேக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பாதி வேலை 'ஜாப் ஒர்க்'காக வெளியே போய்வரும். ஒரு பனியன் இத்தனை பேர் கையைத் தாண்டித்தான் அட்டைப்பெட்டிக்குள் போகிறது.

ஒரு நாள் 'ஜி.எஸ்.எம். பாருங்க தம்பி' என்பார்கள். துணியில் 100 சதுர சென்டிமீட்டருக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டி, எடை பார்த்து, நூறால் பெருக்கணும். 1.8 கிராம் இருந்தால் 180 ஜி.எஸ்.எம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பையர் கேட்டது 180, வந்தது 170 என்றால் யாருக்கு போன் பண்ணுவது, எப்படிப் பேசுவது? அது இரண்டாவது பாடம்.

'நான் ஃபேஷன் படிக்கலையே' என்கிற ஃப்ரெண்ட்ஸ், கவலை வேண்டாம். பி.காம். ஆளுக்கு ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், லெட்டர் ஆஃப் கிரெடிட் காத்திருக்கிறது. கெமிஸ்ட்ரி ஆளுக்கு லேப் டிப் காத்திருக்கிறது. பையர் கேட்ட கலரைச் சின்னத் துண்டில் கொண்டு வந்து ஓகே வாங்குகிற வேலை அது. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது ஞாபகம் இருக்கா? அதன் பிறகு கழிவுநீர் சுத்திகரிப்பு தெரிந்தவருக்கு இங்கே மதிப்பே தனி.

வேலை எப்படிக் கிடைக்குது?

காரணம் சிம்பிள். இன்டர்வியூவில் ஒருவரை அரை மணி நேரம் பார்ப்பார்கள். இன்டர்ன்ஷிப்பில் இரண்டு மாதம் பார்க்கிறார்கள். நேரத்துக்கு வருகிறாரா, தப்பு நடந்தால் மறைக்காமல் சொல்கிறாரா, செக்கிங் அக்காவிடம் மரியாதையாகப் பேசுகிறாரா... எல்லாம் கவனிக்கப்படும். நீங்களும் அவர்களைக் கவனிக்கலாம். 'இந்த வேலை நமக்கு செட் ஆகாது' என்று தெரிந்தால்கூட லாபம்தான். மூன்று வருஷம் கழித்துத் தெரிவதற்கு இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டதே!

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டபோது திருப்பூர் எப்படித் தவித்தது என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். ஆர்டர் குறைகிற நேரத்தில் ஆறு மாதம் சொல்லிக்கொடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. கொஞ்சமாவது தொழில் தெரிந்து வருகிறவர்தான் கண்ணில் படுவார்.

உஷார்!

இதே பெல்ட்டில் 'அப்ரெண்டிஸ்' என்ற வார்த்தைக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, ஏழைப் பெண்களை நூற்பாலைகளில் 'பயிற்சியாளர்' என்றே வைத்து வேலை வாங்கினார்கள். 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட 'கேப்ச்சர்டு பை காட்டன்' அறிக்கை இதை உலகத்துக்கே சொன்னது. பயிற்சி என்று பெயர் வைத்தால் மட்டும் பயிற்சி ஆகிவிடாது. அதனால் சேருவதற்கு முன்னால் கேளுங்கள்:

* என்ன கற்றுத் தருவார்கள்? எந்தெந்த டிபார்ட்மெண்டில் எத்தனை நாள்?
* யாரிடம் ரிப்போர்ட் பண்ணணும்?
* நேரம் என்ன? இந்த ஊரில் 'ஒன்றரை ஷிப்ட்' சகஜம். உங்களுக்கும் அதுவா?
* ஸ்டைபண்ட் எவ்வளவு? எழுத்தில் தருவார்களா?

இரண்டு மாதமும் ஜெராக்ஸ் மட்டுமே எடுத்தால் தயங்காமல் டிபார்ட்மெண்டில் சொல்லுங்கள்.

டிகிரி முடித்துவிட்டீர்களா? 1961-ம் வருட அப்ரெண்டிஸ் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வரும் தேசியப் பயிற்சித் திட்டத்துக்குத் தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில். பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று 2019-ல் விதி வந்தது. அதில் ஒரு பங்கை அரசே தரும். இதைத் தெரிந்துகொண்டு போனால் பேசவும் தைரியம் வரும்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோம் ஒர்க். உங்க டி-ஷர்ட் ஒன்றை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நாம் போட்ட 190 கிராமைவிடக் குறைவாகக் காட்டலாம். மீதித் துணி எங்கே போனது? அந்தக் கேள்வியோடு ஒரு கட்டிங் மாஸ்டர் முன்னால் போய் நில்லுங்க. உங்க இன்டர்ன்ஷிப் அங்கேயே ஆரம்பிச்சாச்சு!